சக்கர வீட்டுக்கு இடம் பார்க்கிறீர்களா?

ஷூட்டிங் நடக்கும் தெருவில் நடிகர்களின் கேரவன் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஆண்டு முழுக்க மாநிலம் மாநிலமாகச் சுற்றுகிறவர்கள் உண்டு. வண்டிக்குப் பெயர் ஆர்.வி. அதிலேயே குடியிருப்பவர்களை ஃபுல் டைமர்கள் என்பார்கள். ஓய்வுபெற்ற தம்பதிகள், லேப்டாப்பிலேயே வேலையை முடித்துவிடும் இளைஞர்கள், வீட்டு வாடகை கட்டி மாளாமல் வண்டிக்கு மாறியவர்கள் என்று பல வகையினர். 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய ‘நோமேட்லேண்ட்’ காட்டியது பெரும்பாலும் கடைசி வகையினரை.

வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்ட் மோசமாக இருந்தால் விடுமுறைக்கு வந்தவருக்கு அது நாலு நாள் தொந்தரவு, அவ்வளவுதான். ஊர் திரும்பியதும் மறந்துவிடும். ஃபுல் டைமருக்கோ அதுதான் தெரு, அதுதான் அக்கம்பக்கம், அங்கேதான் துணி துவைத்தாக வேண்டும், அங்கிருந்துதான் மருத்துவரைப் பார்க்கப் போயாக வேண்டும். அதனால் நீச்சல் குளத்தையும் நுழைவாயில் அலங்காரத்தையும் பார்த்து அவர் இடம் பிடிப்பதில் அர்த்தமில்லை. பார்க் எவ்வளவு பிரபலம் என்பதைவிட, தன் வண்டி நிற்கப்போகும் அந்த ஒரு சைட் எப்படி இருக்கிறது என்பதுதான் அவருக்குக் கேள்வி. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தக் கேள்வியை ஒட்டியவை.

செய்ய வேண்டியவை

வண்டியை நீங்களே டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். விற்றவர் தந்த காகிதத்தில் உள்ள நீளத்தில் பின்பக்க ஏணியும் சைக்கிள் ஸ்டாண்டும் சேர்ந்திருக்காது. பின்னால் கார் இழுத்துப் போகிறீர்கள் என்றால் அதையும் சேர்த்து மொத்த நீளம் வேண்டும். கூரை ஏ.சி.யோடு சேர்த்து உயரமும் வேண்டும். தேசியப் பூங்காக்களில் இந்தக் கணக்கு உயிர்நாடி. அங்குள்ள பல கேம்ப்கிரவுண்டுகள் இன்றைய நாற்பதடி வண்டிகள் வருவதற்கு முன்பே, கூடாரத்துக்கும் சின்ன டிரெய்லருக்கும் என்று அமைக்கப்பட்டவை. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் மேதர் கேம்ப்கிரவுண்ட் 30 அடி வரைதான் இடம் தரும், வண்டியில் செருகிக்கொள்ளும் ஹூக்கப் இணைப்பு எதுவும் கிடையாது. அதே ஊரிலேயே உள்ள டிரெய்லர் வில்லேஜில் 50 அடி வண்டி வரை நிறுத்தலாம், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து முன்பதிவு செய்தவர் வாசலில் திரும்ப வேண்டியதுதான். கிளேசியர் பூங்காவில் இன்னொரு சிக்கல். அங்கே ‘கோயிங் டு த சன்’ சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் இடம் பிடித்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பார்க்க நினைத்தால், ஆர்.வி.யைச் சைட்டிலேயே விட்டுவிட்டுக் காரிலோ பூங்காவின் பஸ்ஸிலோதான் போக வேண்டும்.

யோசெமிட்டியில் பூங்காவின் எந்தக் கேம்ப்கிரவுண்டிலும் ஹூக்கப் இல்லை. யெல்லோஸ்டோனில் ஹூக்கப் உள்ள ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ். அந்தப் பக்கம் கிரிஸ்லி கரடி நடமாட்டம் அதிகம் என்பதால் துணிச்சுவர் கொண்ட வண்டிகளை அங்கே விடுவதில்லை. இதெல்லாம் விதி. கேட்டுக் கெஞ்சிப் பயனில்லை.

மின்சாரம் முப்பதா ஐம்பதா என்று கேளுங்கள். எண்ணைப் பார்த்தால் ஒன்றரை மடங்கு சொச்சம்தான் வித்தியாசம் போலத் தோன்றும். உண்மையில் முப்பது ஆம்ப் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். ஐம்பது ஆம்ப் இணைப்பில் இரண்டு 120 வோல்ட் லைன்கள், மொத்தம் 12,000 வாட். கூரையில் இரண்டு ஏ.சி. உள்ள வண்டியை ஜூலை மாத அரிசோனாவில் முப்பது ஆம்ப்பில் நிறுத்தினால், ஒரு ஏ.சி.யை அணைத்துவிட்டுத்தான் மைக்ரோவேவைப் போட முடியும். ஐம்பது இருக்கிறது என்று போர்டு வைத்த பழைய பார்க்குகளிலும் வெயில் ஏறி எல்லோரும் ஏ.சி. போட்டதும் வோல்ட்டேஜ் படுத்துவிடும். குறைந்த வோல்ட்டேஜ்தான் ஏ.சி. கம்ப்ரஸரைக் கொல்வது. ஆகவே வோல்ட்டேஜைக் கண்காணித்து, அளவு தவறினால் தானே துண்டிக்கும் ஈ.எம்.எஸ். கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, வண்டியைச் சமன் செய்யும் முன்பே, மின்பெட்டியின் பிரேக்கரை அணைத்துவிட்டு இந்தக் கருவியைச் செருகி, பிரேக்கரை மறுபடி போட்டுப் பார்ப்பது. எர்த் இல்லை, லைன் மாறியிருக்கிறது என்று காட்டினால் வேறு சைட் கேளுங்கள். தண்ணீருக்கும் ஒரு பிரஷர் ரெகுலேட்டர் வேண்டும். சில பார்க்குகளில் குழாயின் அழுத்தம் வண்டிக்குள் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் தாங்காத அளவுக்கு இருக்கும்.

இணையத்தில் இடம் இருந்தாலும் ஒருமுறை போன் செய்யுங்கள். சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர் ஹாலின் அழகைவிடத் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதை முதலில் கேட்பார் இல்லையா, அந்தப் புத்தி இங்கேயும் வேண்டும். சைட் எண்ணைச் சொல்லியே கேளுங்கள். நேராக நுழைந்து நேராக வெளியேறும் புல்-த்ரூவா, ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டுமா? இரண்டு பக்கமும் சுவரோடு வெளியே நீளும் ஸ்லைடு-அவுட்டைத் திறந்தால் பக்கத்து வண்டியில் இடிக்குமா? மேலே தாழ்ந்த கிளை உண்டா? தரை சரளையா, கான்கிரீட்டா, புல்லா? எந்த போன் கம்பெனிக்கு அங்கே சிக்னல் நன்றாக எடுக்கிறது? (வைஃபை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மாலை ஏழு மணிக்கு அதில் வீடியோ கால் பேச முடியுமா என்று கேளுங்கள்.) ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வைத்திருப்பவர் நிழலுக்கு ஆசைப்படக் கூடாது. அமெரிக்காவில் பெரும்பாலும் அதற்கு வடக்கு வானம் மரமில்லாமல் திறந்திருக்க வேண்டும்.

வசந்தத்திலோ கோடையிலோ ஓக்லஹோமா, கன்சஸ் பக்கம் போகிறவர்கள் மறக்காமல் கேட்க வேண்டியது, சூறாவளி வந்தால் எங்கே ஒதுங்குவது என்று. ஆர்.வி. அதற்குப் பாதுகாப்பே இல்லை. பார்க்கில் நிலத்தடி அறையோ கான்கிரீட்டால் கட்டிய குளியலறையோ இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் போல) நிற்கிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். வானொலியில் வரும் எச்சரிக்கை கவுண்டி பெயரைச் சொல்லித்தான் வரும். நேற்று இரவு வேறு ஊரில் தூங்கியவருக்கு இன்றைய கவுண்டியின் பெயர் நினைவிருக்காது.

பார்க் அலுவலகத்தில் போனை எடுப்பவர் பேசும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும் என்பது என் கட்சி. ‘பதினேழாம் நம்பரில் காலை வெயில் ஜன்னலில் அடிக்கும், இருபத்திரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்கிற ஆள் இருக்கும் இடம் பெரும்பாலும் நல்ல இடம்.

சாட்டிலைட் மேப்பைத் திறந்து சுற்றிலும் ஒரு மைல் பாருங்கள். முக்கியமாக ரயில் தண்டவாளம். ஆர்.வி. பார்க்குக்கு மலிவான நிலம் வேண்டும், மலிவான நிலம் தண்டவாளத்து ஓரமாகக் கிடைக்கும். சும்மா ரயில் போனால் பழகிவிடலாம். அருகில் லெவல் கிராஸிங் இருந்தால்தான் வினை. அமெரிக்கச் சட்டப்படி, பொதுச் சாலையைக் கடக்கும் முன் எஞ்சின் 15 முதல் 20 விநாடி வரை ஹாரன் அடிக்க வேண்டும். இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். குறைந்தது 96 டெசிபல். இரவு மூன்று மணி என்றும் பார்க்காது. ‘கொயட் ஸோன்’ என்று அறிவித்த ஊர்களில் மட்டும் விலக்கு. டெக்சஸின் வடமுனைப் பகுதி போன்ற இடங்களில் இறைச்சிக்காக மாடுகளை அடைத்துக் கொழுக்க வைக்கும் பட்டிகள் மேப்பில் பழுப்புக் கட்டங்களாகத் தெரியும். அந்த நாற்றத்தைக் காற்று எந்தப் பக்கம் கொண்டுவரும் என்பதைக் கடவுள் தீர்மானிப்பார்.

விமர்சனங்களில் மூன்று நட்சத்திரம் போட்டவர்களைப் படியுங்கள். ஐந்து போட்டவர் சந்தோஷத்தில் இருக்கிறார், ஒன்று போட்டவர் கோபத்தில் இருக்கிறார். நடுவில் இருப்பவர்தான் குளியலறையில் வெந்நீர் வருவதையும் ஷவர் ஓட்டை அடைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்வார். தேதியைப் பாருங்கள். பார்க் கை மாறியிருந்தால் பழைய விமர்சனம் குப்பை. ஆர்.வி.காரர்களுக்கான குட் சாம் அமைப்பு ஒவ்வொரு பார்க்குக்கும் மூன்று எண்கள் தருகிறது. வசதிகளுக்கு ஒன்று, கழிப்பறை, குளியலறைக்கு ஒன்று, தோற்றத்துக்கு ஒன்று. நான் நடு எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருப்பவர் மின்பெட்டியையும் கவனித்திருப்பார்.

அரசு இடங்களை ஒதுக்கிவிடாதீர்கள். இங்கேதான் காசு மிச்சம். கே.ஓ.ஏ. போன்ற தனியார் சங்கிலி எல்லோருக்கும் தெரியும். 1962-இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகும் குடும்பங்களை நம்பி மொன்டானாவின் பில்லிங்ஸில் ஓர் ஆற்றங்கரையில் தொடங்கியது அது. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட இடங்கள். ராணுவப் பொறியாளர் படை நடத்தும் கேம்ப்கிரவுண்டுகளை அவ்வளவு பேருக்குத் தெரியாது. அந்தப் படை கட்டிய அணைகளின் ஏரிக்கரைகளில் இருப்பவை அவை. சைட்டுகளுக்கு இடையே நல்ல இடைவெளி, பெரும்பாலானவற்றில் மின்சாரம், கட்டணம் குறைவு. ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு செய்யலாம். 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் வாழ்நாள் சீனியர் பாஸ் வாங்கினால் இவற்றிலும் பல மத்திய அரசு கேம்ப்கிரவுண்டுகளிலும் பாதிக் கட்டணம்தான். பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டு வாங்கிய நம் ஊர்ப் பெற்றோரில் பலருக்கு இப்படி ஒரு பாஸ் இருப்பதே தெரியாது. தனியார் குத்தகைக்கு எடுத்து நடத்தும் இடங்களில் மட்டும் அது செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாநிலப் பூங்காக்கள் அழகானவை, ஆனால் உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை தருபவையும் உண்டு. ஃபுளோரிடாவில் அந்த மாநிலத்தவர் 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம், வெளியூர்க்காரருக்கு 10 மாதம். குளிர்காலத்தில் ஃபுளோரிடா கடற்கரையில் இடம் கிடைப்பது ஏன் குதிரைக்கொம்பு என்பது இதில் புரியும்.

பாலைவனத்தில் நில மேலாண்மைத் துறை நிலங்களில் பெரும்பாலும் இலவசமாகவே நிறுத்தலாம். வழக்கமான விதி 28 நாளில் 14 நாள், பிறகு நகர வேண்டும். அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் குளிர்காலம் முழுக்கத் தங்க நினைப்பவர்களுக்கென்றே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டகாலத் தங்குமிடப் பகுதிகள் உண்டு. அதற்குக் கட்டணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும்.

மாத வாடகையா, நாள் வாடகையா என்று கணக்குப் போடுங்கள். மாதக் கட்டணம் நாள் கணக்கைவிட மிகவும் மலிவு. ஆனால் பெரும்பாலும் மின்சாரம் தனி மீட்டர். கோடையில் ஏ.சி., குளிரில் ஹீட்டர் என்று வந்து நிற்கும் பில்லைச் சேர்த்துப் பாருங்கள். தபால், பார்சல் வாங்கி வைப்பார்களா என்றும் கேளுங்கள். சில இடங்களில் மாட்டார்கள்.

மே கடைசித் திங்கள், ஜூலை 4, செப்டம்பர் முதல் திங்கள் ஆகிய மூன்று விடுமுறைகளுக்கும் எங்கே நிற்பது என்று முன்பே முடிவு செய்துவிட்டு, அந்த நாட்களில் நகராமல் இருங்கள். அனுபவஸ்தர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

செய்யக்கூடாதவை

படத்தைப் பார்த்து மாதப் பணம் கட்டாதீர்கள். முதலில் ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு, அதில் ஒன்று வெள்ளி அல்லது சனி. வார நாளில் அமைதியாக இருந்த இடம் வெள்ளி மாலை பத்து குடும்பங்களும் ஸ்பீக்கருமாக மாறும். பிடித்திருந்தால் அலுவலகத்தில் போய் மாதமாக மாற்றிக் கேளுங்கள், கட்டிய இரவுக் கட்டணத்தைக் கழித்துக்கொள்பவர்களும் உண்டு.

‘ஃபுல் ஹூக்கப்’ இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று அடம் பிடிக்காதீர்கள். தண்ணீரும் மின்சாரமும் இருந்து, வாசலில் கழிவைக் கொட்ட ஒரு டம்ப் ஸ்டேஷன் இருந்தால் இரண்டு பேர் பல நாட்கள் தாராளமாகச் சமாளிக்கலாம். எத்தனை நாளில் உங்கள் கழிவுத் தொட்டி நிறைகிறது என்பது தெரிந்துவிட்டால், நாட்டின் அழகான கேம்ப்கிரவுண்டுகளில் பாதி உங்களுக்குத் திறந்துவிடும். கழிவுநீர் இணைப்பு உள்ள இடத்திலும் கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் வடிந்துபோய்க் கெட்டிக் கழிவு அடியில் தங்கிவிடும்.

வால்மார்ட் வாசலை வீடாக்காதீர்கள். ஓர் இரவு தூங்கி எழுந்து போவதற்குப் பல கடைகளில் விடுவார்கள். ஆனால் அது அந்தக் கடை மேலாளரின் முடிவு, உள்ளூர்ச் சட்டமும் தடுக்கலாம். உள்ளே போய்க் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். நாற்காலி போட்டு அடுப்பு பற்றவைக்கிறவர்களால்தான் பல ஊர்களில் அந்த வசதியே போயிற்று.

சாதாரண ஜி.பி.எஸ். சொல்லும் கடைசி ஐந்து மைலை நம்பாதீர்கள். அதற்கு உங்கள் வண்டி பதின்மூன்று அடி உயரம் என்பது தெரியாது. பார்க்கிலேயே வழி கேளுங்கள். ஆர்.வி.க்கென்று வரும் வழிகாட்டி ஆப்களில் உயரத்தையும் எடையையும் பதிந்து வைக்கலாம்.

இருட்டிய பிறகு புது இடத்துக்குப் போய்ச் சேராதீர்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது மின்பெட்டி, கல், மேசை எதுவும் தெரியாது. நாலு மணிக்குள் சேர்ந்துவிடும்படி ஓட்டுங்கள்.

வண்டியின் வயதை மறைக்காதீர்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ஏற்காத தனியார் பார்க்குகள் நிறைய. சிலர் போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு விதியைத் தளர்த்துவார்கள். 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற இடங்களும் உண்டு, குழந்தைகளோடு பயணிப்பவர்கள் கவனிக்க. நாய் வைத்திருப்பவர்கள் இனத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் ஆண்டிலேயே எந்த பார்க் சங்கிலியின் மெம்பர்ஷிப்பும் வாங்காதீர்கள். இலவசச் சாப்பாடு போட்டு இரண்டு மணி நேரம் பேசிக் கையெழுத்து வாங்கும் கூட்டங்கள் நடக்கும். உங்கள் பயணம் எந்தப் பக்கம், நீங்கள் எத்தனை நாள் ஓரிடத்தில் நிற்கும் சுபாவம் என்பதெல்லாம் ஒரு சுற்று முடிந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

விறகை ஊர் விட்டு ஊர் கொண்டு போகாதீர்கள். 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகத நிற வண்டு ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்தது. அது தொலைதூரம் பரவியதில் விறகுக்குப் பெரிய பங்கு உண்டு. பல மாநிலங்களில் விறகை இப்படிக் கொண்டு போவது சட்டப்படியே குற்றம். போகிற இடத்தில் வாங்கி அங்கேயே எரித்துவிடுங்கள்.

தங்கிய ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள். நிரந்தர முகவரி இல்லாதவர்கள் தெற்கு டகோட்டா, டெக்சஸ், ஃபுளோரிடா என்று ஏதாவது ஒரு மாநிலத்தைச் சட்டப்படி சொந்த ஊராக்கிக்கொள்கிறார்கள். தெற்கு டகோட்டாவில் ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போனால் அங்கே ஓர் இரவு தங்கிய ரசீதைக் கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று. ஆற்றோர சைட்டை அழகுக்காக எடுக்காதீர்கள், குறைந்தபட்சம் விசாரிக்காமல் எடுக்காதீர்கள். பார்க்குகள் அதற்குத்தான் கூடுதல் பணம் வாங்குகின்றன, முதலில் நிறைவதும் அந்த வரிசைதான். நிலையான வீடு கட்டக் கட்டுப்பாடு உள்ள வெள்ளச் சமவெளிகளில் ஆர்.வி. பார்க்குகள் அமைவது அங்கே சகஜம். 2010 ஜூன் 11 அதிகாலை ஆர்கன்சாவின் ஆல்பர்ட் பைக் கேம்ப்கிரவுண்டில் திடீர் வெள்ளம் புகுந்து 20 பேர் இறந்தார்கள். 2025 ஜூலை 4 அதிகாலை டெக்சஸின் கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு முக்கால் மணி நேரத்தில் சுமார் 26 அடி உயர்ந்தது. அந்தப் பகுதி முழுவதுமாக நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த வெள்ளத்தில், இங்க்ரம் ஊரின் ஆற்றங்கரை ஆர்.வி. பார்க்குகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வண்டியோடு அடித்துச் செல்லப்பட்டார்கள். இரண்டு முறையும் விடிவதற்கு முன். இரண்டு முறையும் கோடை விடுமுறைக் காலம், கேம்ப்கிரவுண்டுகளில் கூட்டம்.

ஓடும் தண்ணீர் இரண்டடி உயர்ந்தாலே பெரும்பாலான வண்டிகளை நகர்த்திவிடும். தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் எல்லாம் செருகி, ஸ்லைடு-அவுட் திறந்து, ஜாக் இறக்கி நிற்கும் ஆர்.வி.யை அவசரமாகக் கிளப்ப நேரமே இருக்காது. ஆகவே முன்பதிவுக்கு முன் பேரிடர் மேலாண்மைக்கான மத்திய அரசு அமைப்பான ஃபெமாவின் வெள்ள வரைபடத்தில் பார்க்கின் முகவரியைப் போட்டுப் பாருங்கள், அது இலவசம். மழைக்காலமாக இருந்தால் மேட்டில் உள்ள சைட்டைக் கேளுங்கள். ஆறு தெரியாது, பரவாயில்லை, நடந்து போய்ப் பார்க்கலாம். போய்ச் சேர்ந்த மாலையே வெளிச்சத்தில் மேட்டுக்குப் போகும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் போனில் எச்சரிக்கை வராது என்பதால் பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோவைத் தலைமாட்டில் வையுங்கள். இரவில் அது அலறினால் கேபிளைக் கழற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஆட்களை மட்டும் எழுப்பிக்கொண்டு மேட்டுக்கு நடந்துவிடுங்கள். வண்டியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.